நாற்பத்தொரு படங்கள்

போலீஸ் நிலையத்திலிருந்து கொடுத்தனுப்பிய பையின் வாயில் ஒரு பட்டியல் குத்தியிருந்தது. கைக்கடிகாரம், மணிபர்ஸ், கண்ணாடிக் கூடு, லிப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி, சின்னதாக ஒரு பூட்டுச் சாவி, பாதி தீர்ந்த இருமல் மாத்திரை அட்டை, கேமரா ஒன்று, திரை உடைந்தது. நான்கு மாதமாக அந்தப் பை அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. லிப்ட் மெக்கானிக்கின் மனைவி அதைப் பிரிக்கவே இல்லை. துணி எடுக்கிற சாக்கில் தினமும் ஒருமுறை மேலே கைவிட்டு, பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாள்.

பையைப் பிரிக்க வைத்தது கம்பெனியிலிருந்து வந்த அறிக்கை. இரண்டே பக்கம். 'பணியைத் தொடங்குமுன் மின்விசையைப் பூட்டத் தவறிய பணியாளரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்' என்று ஒரு வரி. லிப்டில் கைவைக்கும் எவரும் முதலில் மொட்டைமாடியிலுள்ள லிப்ட் மோட்டார் அறைக்குப் போய், மின்சாரத்தை நிறுத்தி, அந்த விசை மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். வேலை முடியும்வரை வேறு யாரும் மின்சாரத்தைத் திறக்க முடியாது. அந்தப் பூட்டை அவள் கணவர் போடவேயில்லை, அது அவருடைய கருவிப் பையில்தான் கிடந்தது என்பது கம்பெனியின் வாதம்.

அறிக்கையோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். அதை நகலெடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடக்கும் அறையின் வாசல் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இப்படிச் செய்யாதீர்கள் என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது என்று அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் வந்து சொன்னார். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வேலை செய்த மனிதரைச் செத்த பிறகு பலகையில் மாட்டிப் பாடம் நடத்துவதற்கு ஒரு மனசு வேண்டும். அது அந்தக் கம்பெனிக்கு நிறையவே இருந்தது.

அவருக்கு வேலையிடத்தில் 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். எந்தத் திருகை முடுக்கினாலும், எந்தக் கதவைச் சாத்தினாலும், "எதுக்கும் இன்னொருதரம் பாத்துடலாம்" என்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, கேஸ் அடுப்பைப் பார்க்கத் திரும்பி வருகிற ஆள். அந்த மனிதர் பூட்டாமல் இறங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? அவள் நம்பவில்லை. அவர் பூட்டினார், வேறு யாரோ திறந்துவிட்டார்கள். அந்த வேறு யாரோ என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். மொட்டைமாடி அறைச் சாவியை இடுப்பில் வைத்திருந்த காவலாளி.

இறுதிச் சடங்குக்கு அந்தக் காவலாளி வந்திருந்தார். உள்ளே வரத் தயங்கி, வாசல் கேட்டருகில் நின்றார். "அவரேதாம்மா பூட்டைக் கழட்டினார், நான் கண்ணால பாத்தேன்" என்று யாரிடமோ மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி ஏசினாள். பொய்யன் என்றாள், கொலைகாரன் என்றாள். பிறகு அதையே மனுவாகவும் எழுதிக் கொடுத்தாள். கட்டடக்காரர்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

மனு, தொழிற்பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு பெண் ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தது. ஐம்பது வயதிருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார், கோப்பைப் பார்க்க மாட்டார்.

"பூட்டினார்னு நீங்க சொல்றீங்க. பூட்டலேன்னு கம்பெனி சொல்லுது. பூட்டிட்டுக் கழட்டிட்டார்னு காவலாளி சொல்றார். எழுத்துல எதுவும் இல்ல. உங்க வீட்டுக்காரர் ஏதாவது குறிச்சு வைக்கிற பழக்கம் உண்டா?"

அப்போதுதான் அவளுக்குக் கேமரா நினைவுக்கு வந்தது. படம் எடுக்காமல் அவர் ஒரு திருகைக்கூடக் கழற்றமாட்டார். எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு பார்க்க வேண்டும் என்பார். போனில் எடுத்தால் நடுவில் யாராவது கூப்பிட்டுக் கை நழுவும் என்று, கழுத்தில் வாரோடு மாட்டும் சின்னக் கேமராதான் வைத்திருந்தார். பூட்டையும் கட்டாயம் எடுத்திருப்பார்.

"கேமராவை அப்படியே திங்கக்கிழமை கொண்டு வாங்க" என்றார் ஆய்வாளர். "ஆனா இங்க உள்ள போனா திரும்பி வர மாசக்கணக்காகும். அதனால உங்களுக்குன்னு ஒரு நகல் எடுத்து வச்சுக்குங்க. ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. படத்தை அழகுபடுத்தறேன், அடுக்கி வைக்கிறேன்னு வர்ற சாப்ட்வேர் எதுலயும் போட்டுடாதீங்க. தேதியோ நம்பரோ மாறிச்சுன்னா கம்பெனி வக்கீல் சும்மா விடமாட்டார்."

அதைக் கேட்டதும் அவளுக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. காரணம் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கேமராவை வாங்கியபோது அட்டைப்பெட்டிக்குள் ஒரு சிடியும் வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டவள் அவள்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி', 'சரி', 'அடுத்து' என்று அமுக்கினாள். ஒரு கேமரா வாங்கப் போய் ஐந்து பேர் வீட்டுக்குள் குடியேறினார்கள். படங்களை அடுக்கும் ஆல்பம் ஒன்று, வாழ்த்து அட்டை செய்வது ஒன்று, படம் அச்சடிக்க ஆர்டர் கொடுக்கச் சொல்லி நச்சரிப்பது ஒன்று, இணையப் பக்கத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பட்டை ஒன்று, மற்ற நாலு பேரையும் புதுப்பிக்கச் சொல்லித் தினமும் காலையில் எழுப்புவது ஒன்று. அந்த வருஷம் இரண்டு பேரும் மலைக்குப் போய்வந்த படங்களை ஆல்பம் முழுசாக இழுத்துக்கொண்டது. பெயர்களையெல்லாம் அழித்து ஒன்று, இரண்டு என்று தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. முகங்களை மெழுகியது. கேமராவில் இருந்தவற்றைத் துடைத்துப் போட்டது. முப்பது நாள் கழித்து, இலவசக் காலம் முடிந்தது, பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று கதவைச் சாத்திக்கொண்டது. அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அன்றிலிருந்து தன் கேமராவை மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் சொருக விட்டதில்லை.

இதில் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் மாதிரி வாங்கி வைக்கும் இடத்தில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. குழாய் கைக்கு வந்ததும் முதலில் பெயர், எண், நேரம். பிறகுதான் மற்றதெல்லாம். வந்ததை வந்தபடி உள்ளே அனுப்ப வேண்டும், கிழிந்த லேபிளைக்கூடத் தன் கையால் ஒட்டக்கூடாது. அங்கே அவ்வளவு கண்டிப்பாக இருப்பவள் வீட்டில் 'அடுத்து', 'அடுத்து' என்று அமுக்கியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை தம்பி வந்தான். பார்சல் வேன் ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இருந்தும் குடும்பத்தில் அவன் பெயர் இன்னமும் அவசரக்குடுக்கைதான். அக்காவின் கணவர் போன பிறகு வாரம் தவறாமல் வந்து, கேட்காமலே குழாயைச் சரிபார்ப்பான், கேட்காமலே விளக்கை மாற்றுவான். அன்றைக்கும் அவள் காபி போட அடுக்களைக்குள் போய்த் திரும்புவதற்குள், கேட்காமலே பையைப் பிரித்து, கேமராவில் வயரைச் சொருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் சொருகிவிட்டான்.

"அக்கா, அதுவாவே கண்டுபிடிச்சிடுச்சு பாரேன்!" என்றான் சந்தோஷமாக.

திரை முழுக்கச் சூரியகாந்தி நிறத்தில் ஒரு சதுரம். 'வருக! 637 புதிய படங்கள் உள்ளன.' அதன் கீழே மூன்று கட்டங்கள். படங்களை மேம்படுத்து, வரிசை எண் இடு, நகலெடுத்த பின் கேமராவிலிருந்து நீக்கு. மூன்றிலும் அதுவே ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்தது. ஓரத்தில் ஒரு எண் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து விநாடியில் தானாகவே தொடங்குமாம். எட்டு, ஏழு.

தம்பியின் விரல் 'சரி'க்கு மேல் இருந்தது. அவள் காபி டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதே! அதைத் தொடாதேடா!"

"வயரைப் புடுங்கிடட்டுமா?"

"புடுங்காதே. பாதியில புடுங்கினா கார்டு போயிடும்."

நான்கு, மூன்று. மௌஸை வாங்கி 'ரத்து' என்பதைத் தேடி அமுக்கினாள். அது விடவில்லை. 'ரத்து செய்தால் உங்கள் நினைவுகள் பாதுகாப்பாக இருக்காது. உறுதியா?' என்று கேட்டது. உறுதி என்றாள். இன்னும் ஒரு சதுரம் வந்தது. அதையும் மூடினாள். பிறகு கேமராவை அணைத்து, வயரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கொட்டிக் கிடந்த காபியைத் தம்பி துணியால் துடைத்தான். அன்றைக்கு அவன் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

அடுத்த ஒரு மணி நேரம் அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கழற்றி வெளியே அனுப்பினாள். ஒவ்வொன்றும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஏன் போகச் சொல்கிறீர்கள் என்று காரணம் கேட்டது ஒன்று. வெளியே போன பிறகும் கதவுக்குப் பின்னால் செருப்பை விட்டுப் போயிருந்தது இன்னொன்று. அதையும் தேடி நீக்கினாள். பிறகு தெருக்கோடியில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போய், மெமரி கார்டைச் சொருகும் சின்ன ரீடர் ஒன்று வாங்கி வந்தாள். கேமரா கூட வந்த சிடியை என்ன செய்தீர்கள் என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். மேஜை இழுப்பறையில் இருக்கிறது என்றாள். டீ டம்ளருக்கு அடியில் வைக்கலாம், வேறு எதற்கும் ஆகாது என்றார் அவர்.

கேமராவின் வயிற்றைத் திறந்து கார்டை எடுத்தாள். தபால்தலை அளவு. அதன் ஓரத்தில் ஒரு குட்டி விசை இருக்கும், அதைக் கீழே தள்ளினால் கார்டில் இருப்பதைப் பார்க்கலாம், நகலெடுக்கலாம், அழிக்கவோ மாற்றவோ முடியாது. அதைத் தள்ளிவிட்டு ரீடரில் சொருகினாள். எந்தச் சதுரமும் வரவில்லை. யாரும் வருக என்று சொல்லவில்லை. வெறும் ஒரு மஞ்சள் உறை தெரிந்தது. திறந்தாள். உள்ளே படங்கள், அவர் எடுத்த எண்ணோடு, எடுத்த தேதியோடு, எடுத்தபடி இருந்தன. மொத்தத்தையும் பிடித்து மேஜைக் கணினியில் ஒரு புது உறைக்குள் நகலெடுத்தாள். இங்கே 637, அங்கே 637. இரண்டையும் ஒரு தாளில் எழுதி, நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பரிசோதனைக்கூடத்துப் பழக்கம்.

கடைசி நாளின் படங்கள் நாற்பத்தொன்று. 2316 முதல் 2356 வரை.

முதல் படம் லிப்டின் எண் பொறித்த தகடு. இரண்டாவதில் தரையில் விரித்த நீலத்துணியும் அதன்மேல் வரிசையாகக் கருவிகளும். அவள் அதில் நிற்கவில்லை. மூன்றாவதைத் திறந்தாள்.

சாம்பல் நிறப் பெட்டி. கீழே இறக்கிய விசை. அதன் மேல் சிவப்புப் பூட்டு. பூட்டில் தொங்கிய அட்டையில் அவருடைய கையெழுத்து. 'ஆள் வேலை செய்கிறார். தொடாதீர்.' நேரம் காலை பத்து ஐந்து.

"போட்டிருக்கார்" என்றாள். "பூட்டைப் போட்டிருக்கார்டா!"

"நான் சொல்லலியா?" என்று தம்பி எழுந்து நின்றுவிட்டான். "அத்தானாவது பூட்டாம இறங்கறதாவது! இதைப் பெரிசா அச்சடிச்சு அந்த வகுப்பு வாசல்லயே ஒட்டறேன் பாரு. அந்தக் காவலாளி இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவான்?"

அவள் அழுதாள். நான்கு மாதத்தில் அப்படி நிம்மதியாக அழுததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசியம் இல்லைதான். அவர் கண்ணால் பார்த்ததைத் தானும் பார்க்க வேண்டும் போலிருந்தது. வயர்கள், திருகுகள், கிரீஸ் படிந்த கம்பிக்கயிறு, லிப்ட் பெட்டியின் கூரை, அதில் அவர் காலணியின் நுனி. முப்பத்தைந்து படங்கள். 2354இல் எல்லாம் மூடி, துடைத்து, சுத்தமாக இருந்தது. 2355ஐத் திறந்தாள்.

அதே சாம்பல் பெட்டி. விசை மேலே ஏறியிருந்தது. பூட்டு இல்லை. அட்டை இல்லை. திறந்த பூட்டை அவர் தன் இடது கையிலேயே விசைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுத்திருந்தார். கட்டைவிரலில் பழைய தழும்பு தெளிவாகத் தெரிந்தது. நேரம் பதினொன்று முப்பத்திரண்டு. விபத்து நடந்தது பதினொன்று நாற்பதுக்கு.

காவலாளி கேட்டருகில் நின்று சொன்னது அத்தனையும் உண்மை. அவரேதான் கழற்றினார். வேலை முடிந்தது என்று கழற்றி, மின்சாரத்தைத் திறந்துவிட்டு, கீழே வந்து, எதற்காகவோ திரும்பவும் அந்தக் கூரையில் கால் வைத்திருக்கிறார். பூட்டாமல். கீழே யாரோ பொத்தானை அமுக்க, லிப்ட் நகர்ந்திருக்கிறது.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இதை வேற யாரும் பாக்கல இல்ல?"

"உன்னையும் என்னையும் தவிர யாரு?"

"அப்போ இந்த ஒண்ணை மட்டும் எடுத்துடலாம்."

"நடுவுல ஒரு நம்பர் குறையும். கேப்பாங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். அவசரக்குடுக்கைக்கு அன்றைக்கு மூளை நன்றாகவே வேலை செய்தது. "சிடி இருக்கே. மறுபடியும் போட்டுக்கலாம். இதை அழிச்சுட்டு மீதியை அந்த ஆல்பத்துக்குள்ள விட்டா அதுவே ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா நம்பர் போட்டுடும். குறைஞ்சதே தெரியாது. கார்டு கெட்டுப்போச்சு, கம்ப்யூட்டர்ல இருந்தது இவ்வளவுதான்னு குடுத்துடுவோம். புருஷன் செத்தவகிட்ட யாரும் குடைஞ்சு கேக்க மாட்டாங்க."

அவள் மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இழுப்பறையைத் திறந்து சிடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு எதிராக ஒரே ஒரு படம். ஒரு டிக். அவருடைய பெயர் அந்தப் பலகையிலிருந்து இறங்கிவிடும்.

இறங்கினால் யார் ஏறுவார்? அது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. பூட்டின படம் மட்டும் இருந்து, கழற்றின படம் இல்லாவிட்டால், அறைச் சாவி வைத்திருந்தவர்தான் பூட்டை உடைத்தவர். பரிசோதனைக்கூடத்தில் ஒரே ஒரு தவறுக்குத்தான் மன்னிப்பு கிடையாது. ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் பெயரில் எழுதிவிடுவது. பதினாறு வருஷத்தில் அவள் அதைச் செய்ததில்லை.

"எதுக்குத் திரும்பிப் போனார்?" என்றாள். "அதைச் சொல்லு முதல்ல. வேலை முடிஞ்ச மனுஷன் எதுக்கு மறுபடியும் உள்ள கால் வச்சார்?"

கடைசிப் படம் 2356. பதினொன்று முப்பத்துநான்கு. மறுபடியும் அதே நீலத்துணி, அதே கருவிகள். இதை எதற்கு இரண்டுமுறை எடுத்தார்? முந்தைய நாட்களின் படங்களைத் திறந்தாள். ஒவ்வொரு வேலையிலும் தொடக்கத்தில் ஒரு நீலத்துணி, முடிவில் ஒரு நீலத்துணி. கொண்டுபோனதெல்லாம் திரும்பி வந்ததா என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். கூட வாழ்ந்தும் அவளுக்கு இது தெரியாது. அன்றைய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையில் விரலை வைத்து எண்ணினாள். காலையில் பதினான்கு. கடைசியில் பதின்மூன்று.

ஒரு ஸ்பேனர் குறைந்தது. லிப்ட் கூரையில் விட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். அது உருண்டு இடுக்கில் சிக்கினால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்று நினைத்திருப்பார். எதுக்கும் இன்னொருதரம் பார்த்துவிடலாம் என்று போயிருக்கிறார்.

"அப்போ அத்தான் மேல தப்பே இல்லியே!" என்றான் தம்பி.

"இருக்கு" என்றாள். "மொட்டைமாடிக்குப் பதினெட்டுப் படி. ஏறிப் போய் மறுபடியும் பூட்டியிருக்கணும். ஏறல. ஒரு நிமிஷ வேலைதானேன்னு நினைச்சுட்டார்." நான்கு மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. எல்லாவற்றையும் எண்ணி எண்ணிப் பார்க்கிற மனுஷன், பதினெட்டுப் படி ஏறச் சோம்பல்பட்டு என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போவாரா என்று கோபம். அந்தக் கோபத்தோடு சிடியை இரண்டாக வளைத்தாள். அது உடையாமல் வெளிறிப்போய் மடிந்தது. குப்பைக்கூடையில் போட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தின் வெளிப் பெஞ்சில் காவலாளி உட்கார்ந்திருந்தார். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பயந்து எழுந்தார்.

"உக்காருங்கண்ணே" என்றாள். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை இரண்டு நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். "நீங்க சொன்னதுதான் உண்மை. நான் உங்களைப் பேசக் கூடாததெல்லாம் பேசிட்டேன். மனுவைத் திருப்பி வாங்கிட்டு, உங்க கட்டடத்துக்கும் எழுதிக் குடுக்கறேன்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு நிமிஷம் இருங்க, மறுபடியும் உள்ள போயிட்டு வந்துடறேன்னு சொன்னார்மா. நான் சரிங்கன்னு சொல்லிட்டேன். சரின்னு சொல்லாம இருந்திருக்கலாம்."

ஆய்வாளர் கார்டை வாங்கி, அவள் எழுதிவந்த தாளோடு ஒப்பிட்டார். தன் பெரிய திரையில் நாற்பத்தொரு படங்களையும் வரிசையாகப் பார்த்தார். 2318இல் நின்று, பூட்டியிருக்கிறார், கம்பெனி அறிக்கை பொய் என்றார். 2355இல் நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதைப் பாத்துட்டுத்தான் கொண்டு வந்தீங்களா?"

"பாத்துட்டுத்தாம்மா."

"பலகையில இருக்கிறதை எடுக்கச் சொல்லுவேன். ஆனா தப்பே இல்லைன்னு எழுத முடியாது."

"வேணாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. கடைசிப் படத்தையும் பாருங்க. ஒரு ஸ்பேனர் குறையுது, அதுக்காகத்தான் போனார். அதையும் சேத்து எழுதுங்க, அது போதும்."

ஆய்வாளர் கடைசிப் படத்தைத் திறந்தார். எண்ணினார். பதின்மூன்று. மறுபடியும் எண்ணிவிட்டு, படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார். நீலத்துணி திரை முழுக்க விரிந்தது. அதன் வலது ஓரம், அவர் முழங்கால் பட்டுச் சுருண்டிருந்த இடம், இன்னும் பெரிதாக வந்து நின்றது. ஆய்வாளரின் கை மௌஸின் மேல் அப்படியே இருந்தது. பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மடிப்புக்கு அடியிலிருந்து ஸ்பேனர் முனையின் இரும்பு வளையம், கட்டைவிரல் நகம் அளவுக்கு, வெளியே தெரிந்தது.

கேமராவின் திரை தீப்பெட்டி அளவு. அதில் அது தெரிந்திருக்காது. பதினான்கும் அவர் முன்னாலேயே இருந்தன. லிப்ட் கூரையில் ஒன்றுமே இல்லை.

"இது அறிக்கைக்கு அவசியம் இல்லம்மா" என்றார் ஆய்வாளர் தாழ்ந்த குரலில். "நான் எழுதாம விட்டுடலாம்."

அவள் தலையாட்டி மறுத்தாள். "எழுதுங்க. படம் எடுத்தா மட்டும் பத்தாது, துணியைத் தூக்கியும் பாக்கணும்னு அந்த வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சொல்லட்டும்."

ஆய்வாளர் படிவம் எடுத்துவர அடுத்த அறைக்குப் போனார். அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். படத்தின் ஓரத்தில் அவர் முழங்கால் தெரிந்தது. அவள் துவைத்து மடித்துக் கொடுத்த காக்கிப் பேன்ட். அந்த முழங்காலிலிருந்து வளையத்துக்கு ஒரு சாண்கூட இல்லை.

"ஏங்க" என்றாள், அறையில் யாருமில்லை என்று தெரிந்தே. "போகாதீங்க. பக்கத்துலயேதான் இருக்கு."